எண்ணும் பொருளும்: கணினி இயக்கவியல் துறையும் இளைஞர் வாய்ப்பும்

பள்ளி இறுதித் தேர்வு முடிந்தவுடன் வீடுதோறும் எழும் வினா, பிள்ளை இனி என்ன படிக்கலாம் என்பது. மருத்துவம், சட்டம், கணக்கியல் என்னும் பழைய விடைகளோடு அண்மைக் காலத்தில் வேறொரு விடையும் சேர்ந்திருக்கிறது. பாலம், கப்பல், விமானம், மின்னணுச் சில்லு, செயற்கை எலும்பு ஆகிய எதனையும் கையாற் செய்யுமுன் கணினியிற் செய்து பார்க்கும் துறை அது. ஆங்கிலத்தில் கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸ் என்பர். தமிழில் கணினி இயக்கவியல் எனலாம். அதன் உடன்பிறப்பாக நிற்பது பொருள்களின் மாதிரியாக்கம். எஃகு, களிமண், சிலிக்கன், ரப்பர் முதலியவற்றின் இயல்பைக் கணக்கில் வடித்து, அவை எவ்வளவு வளையும், எப்பொழுது முறியும் என்பனவற்றை முன்னறிய முயல்வது அது.

இத்துறைகளைப் பற்றி மாணவர்க்குச் சொல்லப்படும் அறிவுரை பெரும்பாலும் ஒரே பாங்கினது. நிரலைக் கற்றுக்கொள், வேலை காத்திருக்கிறது என்பதே அதன் சாரம். இன்னின்ன நிரல்களில் பழக்கம் உண்டென்று விண்ணப்பத்தில் எழுதினால் போதும் என்றும், சோதனைச்சாலையும் கட்டுமானத் தளமும் இனி இரண்டாம் நிலையின என்றும் கூறுவார் உளர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி உண்மை; விடுபட்ட பாதியிலேதான் துறையின் உயிர் இருக்கிறது. அதனை எடுத்துக் காட்டுதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று உண்டு. அதற்குச் செல்லுமுன் இக்கலை எவ்வாறு தோன்றிற்று என்பதனைச் சுருங்கக் காணுதல் நலம்.

முறை பிறந்த கதை

ஒரு பெரும்பொருளை ஒருங்கே கணக்கிட இயலாதபோது, அதனைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எளிய சமன்பாடு எழுதி, அவற்றையெல்லாம் மீண்டும் கோத்து விடை காண்பது சிறுகூற்று முறை. ஃபைனைட் எலிமெண்ட் என்று பொறியியலார் வழங்குவது இதனையே. கணித அறிஞர் ரிச்சர்ட் கூரன்ட் 1943இல் இதன் வித்தை ஒரு கட்டுரையில் இட்டார்; அன்று அதனை எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1956இல் போயிங் விமான நிறுவனத்தைச் சார்ந்த டர்னரும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ரே கிளஃபும், வேறிருவரும் சேர்ந்து விமான இறக்கையின் விறைப்பைக் கணக்கிட இம்முறையைக் கையாண்டு வெளியிட்டனர். இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவர் கிளஃப், ஆண்டு 1960. வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் பேராசிரியராக இருந்த ஜீன்கியவிச், தம் மாணவர் செயுங்குடன் 1967இல் எழுதிய நூலே இதனை ஒரு பாடமாக்கியது. ஒரே தொகுதியாக வெளிவந்த அந்நூல் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் மூன்று பெருந்தொகுதிகளாக வளர்ந்திருந்தது. இறக்கைக்கெனப் பிறந்த முறை அணைக்கும் எலும்புக்கும் இதய வால்வுக்கும் பரந்துவிட்டதென்பதற்கு அந்நூலின் பருமனே போதிய சான்று.

இம்முறையின் உள்ளே இருவகை அறிவு கலந்திருக்கிறது. ஒன்று விசைகளின் சமநிலை. நியூட்டன் காலந்தொட்டு ஐயத்திற்கு இடமின்றி நிற்பது அது. கணினி அதனைப் பிழையின்றிச் செய்யும். மற்றொன்று பொருளின் இயல்பு பற்றிய விதி. இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு வடிவு மாறும் என்று சொல்வது அது. இவ்விதியைக் கணினி கண்டுபிடிப்பதில்லை. மனிதன் எழுதிக் கொடுக்கிறான். அவன் எழுதியது தவறாயினும் கணினி அதே விரைவோடும் அதே நேர்த்தியோடும் கணக்கிட்டு, வண்ணப் படமும் வரைந்து தரும். படத்தின் அழகு விடையின் உண்மைக்குச் சான்றாகாது. ஆயினும் பார்ப்பவர் கண் மயங்குகிறது.

தமிழாசிரியர்க்கு எளிதான இடம்

இவ்விதியைக் குறிக்கும் கலைச்சொற்கள் தமிழாசிரியர்க்கு ஆர்வமூட்டத் தக்கவை. பொருளின் உள்ளே ஒவ்வொரு சிறு பரப்பிலும் தோன்றும் எதிர்விசையின் அளவை ஆங்கிலத்தில் ஸ்டிரெஸ் என்றும், அதனால் நேரும் வடிவ மாற்றத்தின் அளவை ஸ்டிரெய்ன் என்றும் கூறுவர். தமிழ்நாட்டுப் பாடநூல் இவற்றைத் தகைவு, திரிபு என்கிறது. இலங்கைப் பாடநூல் தகைப்பு, விகாரம் என்கிறது. மலாயில் தெகாசான், தெரிக்கான். ஒரே மொழியில் இரு நாடு இரு வழக்குக் கொண்டது குறையே எனினும், திரிபும் விகாரமும் ஒரே ஊற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது கருதத்தக்கது. இரண்டும் புணரியற் சொற்கள்.

பொன், குடம் என்னும் இரு சொல் புணரும்போது பொற்குடம் ஆகிறது; னகரம் றகரமாய்த் திரிகிறது. பிரித்தால் பொன் மீண்டும் பொன்னே. சுமை நீங்கியவுடன் பழைய வடிவுக்குத் திரும்பும் எஃகு இத்தகையது. அப்பண்பை மீள்தன்மை என்பர். ஆனால் தஞ்சாவூர் தஞ்சை ஆனபின் அதனைப் பிரித்துப் பழைய வடிவை எடுக்க இயலாது. மரூஉச் சொல் மாறியது மாறியதே. அளவு கடந்து வளைத்த கம்பியும் அவ்வாறே நிலைத்து நின்றுவிடும். பொறியியல் வகுப்பில் பல வாரம் எடுக்கும் இவ்வேறுபாடு, நன்னூல் பயின்ற மாணவனுக்குச் சில நிமிடத்தில் விளங்கக்கூடும். கலைச்சொல் ஆக்கியோர் இவ்வுறவை நினைந்து ஆக்கினரோ, தற்செயலாய் அமைந்ததோ, சொற்பொருத்தம் மறுக்கவொண்ணாதது.

மாடல் என்பதற்கு மாதிரி, படிமம் எனச் சொற்கள் உள. பொருளை நோக்கின் அது உவமையை ஒத்தது. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் ஏதேனும் ஒன்று பற்றியே உவமை பிறக்கும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. முகத்தைத் திங்கள் என்றவன், அம்முகம் பதினைந்து நாளில் தேய்ந்து மறையும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஒத்த பண்பு எது, ஒவ்வாத பண்பு எது என்று அறிந்தே உவமையைக் கையாள்கிறான். பொருளின் மாதிரியும் இப்படித்தான். ஏதோ சில பண்பில் அது மெய்ப்பொருளை ஒக்கும், மற்றவற்றில் ஒவ்வாது. ஒவ்வாத இடம் எது என்று அறியாதவன் கையில் அக்கணக்கு என்ன ஆகும் என்பதற்கு விடை 2004இல் கிடைத்தது.

நிக்கல் ஹைவே

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிற்பகல், வட்ட ரயில் பாதைக்காக நிக்கல் ஹைவேயை ஒட்டி அகழ்ந்துகொண்டிருந்த ஆழ்குழி சரிந்தது. நெடுஞ்சாலையும் அதனோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. நால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் பாரந்தூக்கி இயக்கிய தமிழர். மற்றொருவர், தம் கீழ்ப் பணிபுரிந்தோரை மேலேற்றிவிட்டுத் தாம் வெளிவராத மேற்பார்வையாளர். அவர் உடல் கிடைக்கவேயில்லை.

அவ்விடம் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அடியில் மென்மையான கடற்களிமண் தடித்த படுகையாகக் கிடக்கிறது. குழி ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் சென்றிருந்தது. இருபுறமும் நிலத்தடிச் சுவர் எழுப்பி, அவை உள்ளே சாயாதபடி எஃகு உத்தரங்களை அடுக்கடுக்காகக் குறுக்கே முட்டுக் கொடுத்து, மேலிருந்து கீழாக அகழ்ந்து செல்வது முறை. சுவர் எவ்வளவு தடிப்பு வேண்டும், உத்தரம் எவ்வளவு விசை தாங்க வேண்டும் என்பன கணினியிற் கணக்கிடப்பட்டன. நிரல் பிளாக்சிஸ் எனப்படுவது. நெதர்லாந்தில் தோன்றி உலகெங்கும் வழங்குவது. நிரலில் குற்றமில்லை.

குற்றம் களிமண்ணைப் பற்றி அதற்குச் சொல்லப்பட்ட உவமையில் இருந்தது. அதனைச் சற்று விளங்கக் கூறுதல் வேண்டும். களிமண் என்பது நுண்துகளும் நீரும் கலந்தது. துகளும் துகளும் ஒன்றையொன்று நெருக்குவதனால் பிறக்கும் உராய்வே அதன் வலிமை. மென்களிமண்ணைப் பக்கவாட்டில் நெரித்தால் துகட்கூட்டம் சுருங்க முயலும். நீர் வெளியேற நேரம் இருந்தால் சுருங்கிவிடும். அகழ்வு விரைந்து நடப்பதால் நீருக்கு வெளியேறப் போது இல்லை. ஆகவே நெருக்கத்தின் ஒரு பங்கை நீர் ஏற்றுக்கொள்கிறது. துகள்களின் பிடி தளர்கிறது. களிமண் வலிமை குன்றுகிறது. கையாளப்பட்ட எளிய விதியோ சுருங்கும் இயல்பை அறியாதது. பிடி தளராமலே இருப்பதாக அது கொண்டது. அதனால் இல்லாத வலிமை களிமண்ணுக்கு ஏற்றிச் சொல்லப்பட்டது.

இவ்வழிக்குப் பொறியியலார் இட்ட பெயர் ஏ-முறை. களிமண்ணின் வலிமையை நேரே அளந்து இடுவது பி-முறை. இரண்டிற்கும் அதே நிரல் இடந்தருகிறது; எதனைத் தேர்வது என்பது அமர்ந்திருப்பவன் கையில். விசாரணைக் குழுவின் அறிக்கை 2005 மே மாதம் வெளிவந்தது. தவறான முறையால் சுவரின் நகர்வும் அதன்மேல் வரும் வளைவிசையும் உண்மையில் வரக்கூடியதில் ஏறத்தாழப் பாதியாகவே கணக்கிடப்பட்டன என்று அது கண்டது. உத்தரமும் சுவரோரத்து எஃகு விட்டமும் கூடும் இணைப்புகள் போதிய வலிவின்றி வடிவமைக்கப்பட்டதையும் அது சுட்டியது. முதலில் முறிந்தவை அவ்விணைப்புகளே. ஆதலின் கணினிப் பிழையொன்றே குழியைச் சரித்தது என்று கூறுவது மிகை. இரண்டு பிழையும் ஒன்றையொன்று தேடிச் சென்று சேர்ந்தன.

அறிக்கையில் இதனினும் வருத்தந்தரும் பகுதி வேறொன்று. குழி சரியுமுன் நிலம் வாளா இருக்கவில்லை. கணித்ததைவிட மிகுதியாகச் சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. அளவுக் கருவிகள் அதனைக் காட்டின. எச்சரிக்கை எல்லை மீறப்பட்டபோது, மாதிரியின் எண்களை மாற்றி மறுகணிப்புச் செய்து, எல்லை உயர்த்தப்பட்டது. உவமை பொய்த்தது என்று நிலமே சாட்சி சொன்னபோது, உவமையை விடாமல் சாட்சியத்தைத் திருத்தியது போன்றது இச்செயல். சரிவன்று காலையிலேயே எஃகு நெரியும் ஓசையைத் தொழிலாளர் கேட்டனர்.

அன்று அக்குழுவில் நிரலை இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் இல்லை. இல்லாதவர், அந்த எண் எதன்மேல் நிற்கிறது என்று வினவும் ஒருவரும், அவ்வினாவுக்குச் செவிசாய்க்கும் ஒருவரும். ஏ-முறையின் குறைபாடு நிலவியக்க நூலறிஞர் அறியாததும் அன்று. கல்லூரி வகுப்பில் விளக்கக்கூடியதே.

வடகடல் தந்த சான்று

சிங்கப்பூர் நிகழ்ச்சிக்கு 13 ஆண்டு முன்னர் நார்வே நாட்டிலும் இத்தகைய ஒன்று நேர்ந்தது. கடலில் எண்ணெயும் எரிவளியும் எடுக்கும் ஸ்லெய்ப்னர்-ஏ மேடையின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23ஆம் நாள், ஸ்டவாங்கர் நகரை அடுத்த கடற்கழியில் அமிழ்த்திச் சோதிக்கப்பட்டபோது உடைந்து மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை. அடித்தளம் தரையில் மோதிய அதிர்ச்சி நிலநடுக்கக் கருவிகளிற் பதிவாகியது. உருளை அறைகள் மூன்று கூடுமிடத்தில் விடப்பட்ட முக்கோண வெளியின் சுவரே உடைந்த இடம். நாஸ்ட்ரான் என்னும் புகழ்பெற்ற நிரலிலே அவ்விடத்துக் கூறுகள் பருமனாகவும் கோணலாகவும் பிரிக்கப்பட்டிருந்தமையால், வெட்டுவிசை உண்மையைவிட 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. இங்கே தவறியது பொருளின் விதியன்று, கூறுபோட்ட முறை. அதனோடு அச்சுவரின் கம்பிகளும் போதிய நீளமில்லாதிருந்தன.

அடுத்து நடந்ததே சுவையானது. மேலே அமர வேண்டிய தளம் ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. காலத்தாழ்வு பெரும்பொருள் விழுங்கும். கணினிக் கணக்கை முழுதும் மீண்டும் செய்து முடிக்கப் பொழுதில்லை. ஆகவே முதன்முதல் மேடைகளை இருபது ஆண்டுக்குமுன் வடிவமைத்த பழைய கைக்கணக்கு முறையாலேயே புதிய அடித்தளத்தை வடிவமைப்பது என்று முடிவு செய்தனர். கணினியின் புதிய விடைகள் வந்து சேரும்போது வடிவமைப்பு முடிந்து, கட்டுமானத்தின் பெரும்பகுதியும் எழுந்துவிட்டது. 1993 ஏப்ரலில் அதன்மேல் தளம் ஏற்றப்பட்டது. கணினியை வெறுப்போர் இதனைப் பெரிதும் எடுத்தாள்வர், அது முறையன்று. கைக்கணக்கு தெரிந்த மூத்த தலைமுறை அன்று பணியில் இருந்ததனால் அது இயன்றது. அத்தலைமுறை ஓய்வு பெற்றபின் அவ்வறிவு எவரிடம் இருக்கும் என்பதே கேட்கத்தக்க வினா.

அணுவை எண்ணுவோர்

மண்ணையும் கான்கிரீட்டையும் விட்டு அணுவளவுக்கு இறங்கினால் பொருள் மாதிரியாக்கத்தின் மற்றொரு முகம் தென்படுகிறது. ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964இல் 864 ஆர்கன் அணுக்களின் இயக்கத்தைக் கணினியில் தொடர்ந்து பார்த்து, நீர்மத்தின் இயல்பை விளக்கினார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் வால்டர் கோன் தம் துணைவரோடு எழுதிய இரு கட்டுரைகள், எலெக்ட்ரான்களின் அடர்த்தி ஒன்றைக்கொண்டே பொருளின் பண்புகளைக் கணிக்கலாம் என்று வழிகாட்டின. கோனுக்கு 1998இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது, அவரோ பௌதிகர். இவ்வழியிலும் உவமைக்கு எல்லை உண்டு. எலெக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தாவக் கடக்க வேண்டிய ஆற்றல் இடைவெளி, சிலிக்கனுக்கு 1.1 எலெக்ட்ரான்-வோல்ட், எளிய தோராயத்தால் கணித்தால் அதில் ஏறத்தாழப் பாதியே வரும். இத்துறையினர் அதனை நன்கறிந்து திருத்திக் கொள்கின்றனர். அறிந்த பிழை அஞ்சத்தக்கதன்று.

அண்மையில் எழுந்த ஆரவாரம் வேறு வகையினது. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் குழுவினர், செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு 22 இலட்சம் புதிய படிக அமைப்புகளை முன்னறிந்ததாகவும், அவற்றுள் 3,80,000 நிலைத்து நிற்கக் கூடியன என்றும் வெளியிட்டனர். உடன் வெளிவந்த மற்றொரு கட்டுரையில், கலிபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள தானியங்கிச் சோதனைச்சாலை 17 நாளில் 58 இலக்குகளுள் 41 பொருளை ஆக்கிவிட்டதாகக் கூறப்பட்டது. நாளேடுகள் வியந்து எழுதின. வேதியியலாளர் வாளா இருக்கவில்லை. ஆன்டனி சீதம், ராம் சேஷாத்ரி இருவரும் 2024இல் முதற்பட்டியலை ஆராய்ந்து, புதுமை, நம்பகம், பயன் மூன்றும் ஒருங்கே அமைந்தன அதில் அரியவே என்றனர். பால்கிரேவ், ஷூப் முதலியோர் சோதனைச்சாலைக் கட்டுரையைப் பிரித்தாய்ந்து, உண்மையிற் புதிய பொருள் ஒன்றும் அதிற் கண்டறியப்படவில்லை என்று முடிவு கூறினர்.

அவர்கள் காட்டிய பிழைகளுள் ஒன்று எளிதில் விளங்குவது. மெய்யான படிகத்தில் இருவகை அணுக்கள் ஒரே வகை இருக்கையில் மாறிமாறி ஒழுங்கின்றி அமர்தல் உண்டு. கணினியின் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனி இருக்கை ஒதுக்கி ஒழுங்காக அடுக்கியது. முன்பே அறிந்த ஒழுங்கற்ற பொருள், அடுக்கி எழுதியதனால் புதியதாய்த் தோன்றியது. ஏடெழுதுவோன் பிழையைப் புதுப்பாடமாகக் கொண்டு மகிழும் பதிப்பாசிரியனைத் தமிழுலகம் கண்டிருக்கிறது. பாடபேதம் ஆராயும் கண் பதிப்புக்கு எத்துணை வேண்டுமோ, அத்துணை இங்கும் வேண்டும். செயற்கை நுண்ணறிவு பயனற்றது என்பது இதன் கருத்தன்று. அதன் வரவால் விடைகள் மலிந்தன, விடையைச் சோதிப்போர் அவ்வளவு மலியவில்லை.

வாய்ப்பு எங்கே இருக்கிறது

இப்போது தொடக்கத்தில் கூறிய அறிவுரைக்குத் திரும்பலாம். வேலை உண்டு என்பது மெய். சில்லு வடிவமைப்பு நிரல்கள் செய்யும் சினாப்சிஸ் நிறுவனம், இயக்கவியல் நிரல்களுக்குப் பெயர்பெற்ற ஆன்சிஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 3,500 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்க 2024இல் உடன்பட்டு, 2025 ஜூலையில் வாங்கி முடித்தது. சில்லுக்கும் இயக்கவியலுக்கும் என்ன உறவு என்று ஐயுறுவோர் பினாங்கை நோக்கலாம். 1972 முதல் இன்டெல் அங்கே இயங்கிவருகிறது. ஒரு பாகை வெப்பம் ஏறினால் சிலிக்கன் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் மூன்று பங்கு விரியும். செம்பு பதினேழு பங்கு விரியும். இரண்டையும் இணைக்கும் பற்றவைப்புத் துளி, கருவி சூடேறி ஆறுந்தோறும் இழுபட்டு, நாளடைவில் விரிசல் காண்கிறது. எத்தனை ஆயிரம் முறைக்குப்பின் என்று முன்னறிவது பொருள் மாதிரியாளர் பணி. சிங்கப்பூரில் கப்பல், கடல்மேடைக் கட்டுமானமும், ஓயாத சுரங்கப் பாதை அகழ்வும் இக்கலையை நாள்தோறும் வேண்டுவன. ஆராய்ச்சி நாடுவோர்க்கு இரு பெரும் பல்கலைக்கழகங்களும், 1998இல் தொடங்கிய உயர்திறன் கணிப்புக் கழகமும் உள. உலோகச் சோர்வைப் பற்றி விரிவான நூல் எழுதிய சுப்ரா சுரேஷ், தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பு முடித்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர், 2018 முதல் 2022 வரை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்தார்.

ஆயினும் நிரலின் பொத்தானை மட்டும் அறிந்தோர்க்கு இவ்வாய்ப்பு நெடுநாள் நிற்கும் என்று எதிர்பார்க்க இயலாது. கூறுபோடுதல், படம் வரைதல், அறிக்கை எழுதுதல் ஆகியன விரைந்து தானியங்கும் பணிகளாகி வருகின்றன. எஞ்சி நிற்பது, எந்த விதி எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று தேரும் பணி. அளவுக் கருவியும் கணக்கும் முரணும்போது எது பொய்க்கிறது என்று தெளியும் பணி. நிக்கல் ஹைவேக்குப்பின் இதற்குச் சட்டவழி ஓர் இடமும் கிடைத்தது. 2007இல் திருத்தப்பெற்ற கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், 6 மீட்டருக்கு மேற்பட்ட ஆழ அகழ்வு முதலியவற்றை நிலப்பொறியியற் பணி எனத் தனியே வகுத்தது. அத்துறையில் சிறப்புப் பதிவுபெற்ற பொறியாளர் அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும். வடிவமைத்தவர் கணக்கைச் சாராமல் சரிபார்ப்பவரும் வேண்டும். ஐயுறுதல் ஊதியம் பெறும் தொழிலாயிற்று என்று சொன்னால் தவறாகாது. வாய்ப்பு வழிகாட்டி நூல்கள் இதனை ஒரு வரியேனும் குறித்தல் நன்று.

கற்கத் தொடங்குதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பிரான்சு மின்சார நிறுவனம் ஆக்கிய கோட்-ஆஸ்டர், அமெரிக்கச் சாண்டியா ஆய்வகம் ஆக்கிய லாம்ப்ஸ், கால்குலிக்ஸ், குவாண்டம் எஸ்பிரெசோ ஆகிய நிரல்கள் கட்டணமின்றிக் கிடைப்பன. ஒரு மாணவன் எளிய விட்டமொன்றை எடுத்து, அதன் நடுவில் சுமையிட்டால் எவ்வளவு தாழும் என்று தாளில் கணக்கிட்டு, பின் நிரலிலும் கணக்கிட்டு, இரும்புச் சட்டமொன்றில் செங்கல் தொங்கவிட்டு அளந்தும் பார்க்கலாம். மூன்று விடையும் சிறிது சிறிது வேறுபடும். ஏன் வேறுபட்டன என்று ஒரு பக்கம் எழுதப் பழகுபவன் பல மாதப் பயிற்சி வகுப்பு தராததைப் பெறுகிறான். அப்பக்கத்தைத் தமிழில் எழுதச் சொல்லும் ஆசிரியர் தகைவு என்பதா தகைப்பு என்பதா என்ற சிக்கலை முதல் நாளே சந்திப்பார். சென்னையும் கொழும்பும் இதனைத் தீர்க்கும்வரை காத்திராமல், எதனை வழங்கினாலும் மற்றதனையும் அருகே குறித்துச் செல்வது இப்போதைக்குப் போதும்.